ஊர் கூடித் தேர் இழுப்பது எப்படி?

"ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்" என்று ஒற்றுமைக்கு உவமை சொல்வது நம்மவர் வழக்கம். சங்கக் கூட்டங்களில் பேசுவோர் அதை ஒரு முறையாவது சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. நல்ல உவமைதான். ஆனால் வடத்தைப் பற்றியிருக்கும் நூறு கைகளில் எத்தனை கைகள் மெய்யாகவே இழுக்கின்றன, எத்தனை கைகள் வடத்தைத் தொட்டபடி உடன் நடந்து வருகின்றன என்று எவரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்பது மரியாதையன்று என்று விட்டுவிடுகிறோம் போலும்! விஞ்ஞானம் பயில்பவனுக்கோ எதையும் அளந்து பார்த்தால்தான் உறக்கம் வரும்.

இதையும் ஒருவர் அளந்து பார்த்திருக்கிறார். பிரான்சு நாட்டில் மாக்ஸ் ரிங்கல்மன் என்ற வேளாண்மைப் பொறியியலாளர் ஒருவர் இருந்தார். 1880-களில் அவர் ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி, அவர்கள் செலுத்திய விசையைக் கருவி கொண்டு அளந்தார். முடிவுகளை 1913-இல் வெளியிட்டார். தனி ஆள் ஒருவர் இழுக்கும் விசையை 100 என்று கொண்டால், இருவர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்கு 93 வந்தது. நால்வர் இழுத்தபோது 77. எண்மர் இழுத்தபோது 49. அதாவது, எட்டுப் பேர் கூடிச் செய்தது ஏறத்தாழ நான்கு பேர் வேலை!

இதற்குக் காரணம் இரண்டாக இருக்கலாம். எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததால் விசை வீணாகியிருக்கலாம். அல்லது, "மற்றவர்கள் இருக்கிறார்களே" என்று ஒவ்வொருவரும் சற்றே தளர்ந்திருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய, 1979-இல் அமெரிக்க உளவியலார் லத்தானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் என்ற மூவர் ஒரு சோதனை செய்தனர். மாணவர்களின் கண்ணைக் கட்டி, காதில் ஒலிக்கருவியை மாட்டி, உரக்கக் கூவச் சொன்னார்கள். மாணவன் கூவுவதோ தனியாக; அவனிடம் சொன்னதோ "உன்னோடு ஐவர் கூவுகிறார்கள்" என்று. அப்போதும் அவன் குரல் தாழ்ந்தது. மூச்சு இருந்தது, தொண்டை இருந்தது, முயற்சிதான் குறைந்தது. ஆனால் 1981-இல் அதே மூவர் இன்னொன்றையும் கண்டார்கள். "ஒவ்வொருவர் குரலையும் தனித்தனியே அளக்கிறோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்தத் தளர்ச்சி மறைந்துவிடுகிறது.

குளத்தில் ஆளுக்கொரு செம்பு பால் ஊற்றச் சொன்ன அரசன் கதையை நாம் எல்லோரும் பாட்டியிடம் கேட்டிருக்கிறோம். பொழுது விடிந்து பார்த்தால் குளம் முழுவதும் தண்ணீர்! ஆராய்ச்சிக்கூடம் கண்டதைத் திண்ணை முன்பே கண்டிருந்தது என்று நாம் பெருமைப்பட்டுக் கொள்ளலாம். ஆனால் கதை பழியை மனிதர்மேல் போடுகிறது. சோதனையோ பழியை ஏற்பாட்டின்மேல் போடுகிறது. இரவு நேரம், மூடிய குளம், யார் எதை ஊற்றினார் என்று தெரியாத நிலை: இவையே பாலைத் தண்ணீராக்கின. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, நம்மைப் போன்ற மாணவர் சங்கங்கள் ஊதியமின்றி எடுத்துச் செய்யும் பணிகளை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

ஊதிய வேலையில் மனிதரைக் கட்டும் கயிறுகள் பல: சம்பளம், மேலதிகாரி, வருகைப் பதிவு, வேலை போய்விடுமோ என்ற அச்சம். தொண்டு வேலையில் இவற்றுள் ஒன்றும் இல்லை. வராதவனை என்ன செய்ய முடியும்? எஞ்சியிருப்பது ஒரே ஒரு கயிறு: "செய்கிறேன்" என்று அவன் சொன்ன சொல். அந்தச் சொல்லை மற்றவர்கள் நம்பினால் வேலை நடக்கும், நம்பாவிட்டால் நடக்காது. எனவே தொண்டர் குழுவுக்கு நம்பிக்கை என்பது வெறும் நல்லெண்ணம் அன்று. அதுவே முதலீடு, அதுவே சம்பளம்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். தெளிதல் என்றால் நம்புதல். ஆராய்ந்து பார்த்து, அதன்பின் நம்புதல். அரசன் அமைச்சரை அமர்த்துமுன் ஆராயலாம். நம் சங்கத்துக்கு அந்த வசதி இல்லை. ஆகஸ்டில் வந்து சேர்கிற முதலாண்டு மாணவனை ஆராய நமக்கு நேரம் ஏது? ஆகவே, வேலையே ஆராய்ச்சியாகவும் இருக்கும்படி வேலையை வகுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்: நம்பிக்கை வேலைக்கு முன்னால் வருவதன்று, சரியாக வகுத்த வேலையிலிருந்து பிறப்பது.

இரண்டு டன் காகிதம்

இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. நூலகத்தில் வரிசையாக நிற்கும் அந்தத் தடித்த தொகுதிகளைப் பண்டிதர் சிலர் அறைக்குள் அமர்ந்து எழுதியதாகவே பலரும் நினைக்கிறார்கள். அன்று. அதன் அடித்தளத்தை இட்டவர்கள் ஊதியம் பெறாத ஆயிரக்கணக்கான வாசகர்கள். ஆளுக்கொரு புத்தகத்தைப் படித்து, ஒரு சொல் எந்த ஆண்டில் எந்த வாக்கியத்தில் வந்தது என்று சிறு சீட்டில் எழுதி அஞ்சலில் அனுப்பினார்கள். அப்படிச் சேர்ந்த சீட்டுகள் ஏறத்தாழ 50 இலட்சம்!

1857-இல் இலண்டன் மொழியியல் சங்கத்தார் தொடங்கிய முயற்சி இது. முதல் பதிப்பாசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் 1861-இல் முப்பது வயதிலேயே மறைந்தார். பின்னர்ப் பொறுப்பேற்ற பர்னிவல் ஊக்கமே உருவானவர். பேசினால் எவரையும் தொண்டராக்கிவிடுவார். ஆனால் வந்த தொண்டர்களை வழிநடத்தும் ஏற்பாடு அவரிடம் இல்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு துணையாசிரியர் என்று பகிர்ந்து கொடுத்தார். பின்னர் யார் என்ன செய்கிறார்கள் என்பது எவருக்கும் தெரியவில்லை. ஆண்டுகள் ஓடின, தொண்டர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

1879-இல் ஜேம்ஸ் மர்ரே என்ற பள்ளி ஆசிரியர் பொறுப்பை ஏற்றபோது, பர்னிவல் வீட்டிலிருந்து ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள காகிதம் வண்டியில் வந்து இறங்கியது. ஒரு மூட்டையில் செத்த எலி. இன்னொன்றில் ஒரு சுண்டெலி குடும்பத்தோடு குடியிருந்தது. 'எச்' எழுத்துக்குரிய சீட்டுகளைக் காணோம். தேடித் தேடி இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில் கண்டெடுத்தார்கள். 'பா' என்று தொடங்கும் சொற்களின் சீட்டுகளோ அயர்லாந்தில் இருந்தன. அவற்றில் பெரும்பகுதியை யாரோ அடுப்பு மூட்டப் பயன்படுத்திவிட்டார்கள். இருந்த சீட்டுகளிலும் ஒரு கோணல். 'அப்யூஷன்' என்ற அருஞ்சொல்லுக்கு ஏறத்தாழ ஐம்பது சீட்டு இருந்தது. 'அப்யூஸ்' என்ற அன்றாடச் சொல்லுக்கு ஐந்துகூட இல்லை. தொண்டர் தமக்குச் சுவையானதைச் செய்கிறார். சுவையற்றது கேட்பாரற்றுக் கிடக்கிறது. இது எல்லாச் சங்கங்களுக்கும் உள்ள நோய்.

மர்ரே என்ன செய்தார்? தொண்டர்களைத் திட்டவில்லை, உருக்கமான சொற்பொழிவும் ஆற்றவில்லை. ஆயிரம் வாசகர்கள் மூன்றாண்டு உழைக்க முன்வர வேண்டும் என்று ஒரு வேண்டுகோளை அச்சிட்டு அனுப்பினார். அதிலே வேலையின் அளவு தெளிவாக இருந்தது. என்ன படிக்க வேண்டும், சீட்டின் எந்த மூலையில் சொல்லை எழுதுவது, ஆண்டு எங்கே, ஆசிரியர் பெயர் எங்கே, பக்க எண் எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் விதி வகுத்தார். எந்தச் சொற்களுக்குச் சான்று போதவில்லை என்று பட்டியல் அச்சிட்டு அனுப்பினார். தோட்டத்தில் இரும்புத் தகட்டால் ஒரு கொட்டகை போட்டு, அதிலே 1,029 சிறு அறைகள் கொண்ட அடுக்குகளை அமைத்தார். வந்த சீட்டு எதுவானாலும் அதற்கு ஓர் இடம் உண்டு. உதவியவர் பெயர்களை முன்னுரைகளில் அச்சிட்டார். தாமஸ் ஆஸ்டின் என்பவர் 1,65,000 சீட்டு அனுப்பினார் என்பது இன்று நமக்குத் தெரிவது அதனால்தான்.

தொண்டர்கள் முன்பு இருந்த அதே வகையினர். மொழிப்பற்றும் அதே பற்று. ஏற்பாடு மாறியது, விளைவு மாறியது. சில ஆண்டுகளில் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் சேர்ந்தன. முதல் பகுதி 1884-இலும் கடைசிப் பகுதி 1928-இலும் வெளிவந்தன.

இங்கே காசியில் படிக்கும் நமக்கு இன்னொரு செய்தியும் உவப்பாக இருக்கும். மர்ரேக்கு உதவியவருள் தலைசிறந்த ஒருவர் பிட்ஸ்எட்வர்ட் ஹால். அமெரிக்கர், 1850-களில் இதே காசி நகரில் அரசினர் சமஸ்கிருதக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். பின்னாளில் இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் ஒதுங்கி வாழ்ந்தபோது, இருபது ஆண்டுகள் நாள்தோறும் பல மணி நேரம் அகராதியின் அச்சுப்படிகளைத் திருத்திக் கொடுத்தார். ஒரு காசு வாங்கவில்லை. 1901-இல் அவர் மறையும்வரை அவரும் மர்ரேயும் ஒரு முறைகூட நேரில் சந்தித்ததில்லை! நம்பிக்கைக்கு நெருங்கிய நட்பு வேண்டும், சேர்ந்து தேநீர் குடிக்க வேண்டும், சுற்றுலா போக வேண்டும் என்பார் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மர்ரே அனுப்பிய தாள் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. ஹால் திருத்திய தாள் குறித்த நாளில் திரும்பி வந்தது. இருபது ஆண்டு நம்பிக்கை என்பது அப்படித் திரும்பி வந்த தாள்களின் கூட்டுத்தொகை.

நம் சங்கத்தின் சொல் திரட்டு

இனி நம் கதைக்கு வருவோம். அனுமான் கட்டம், கேதார கட்டம் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு என்பது நமக்குத் தெரியும். பாரதியார் இளமையில் தங்கியிருந்ததும் அந்தப் பகுதியில்தான். அந்த வீட்டுப் பெரியவர்கள் பேசும் தமிழில், ஊரில் நாம் மறந்த சொற்களும் உண்டு. கங்கைக் கரையில் புதிதாக ஒட்டிக்கொண்ட சொற்களும் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இந்தியில் பேசுகிறார்கள். எழுபது, எண்பது வயதானவர்களின் நாவில் இருப்பதை இன்னும் பத்தாண்டு கழித்துத் திரட்ட முடியாது. அதனால்தான் அந்தச் சொற்களைத் திரட்டும் வேலையை நம் சங்கம் எடுத்துக்கொண்டது.

நான் இங்கு வந்து சேருவதற்கு முன்பே ஒரு குழு இதைத் தொடங்கியிருந்தது. இருபத்து நான்கு பேர் பெயர் கொடுத்தார்களாம். நான்கு மாதத்தில் மூவர் எஞ்சினர்; இரண்டு குறிப்பேடுகள் எங்கே போயின என்று தெரியவில்லை. அவர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபத்து நான்கு பேர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டுமானால் 276 இணைகள். பதினொருவர் என்றால் 55 இணைகள்தான். தாமதமான வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று கணிப்பொறித் துறையில் பிரெடெரிக் புரூக்ஸ் 1975-இல் எழுதியதன் அடிப்படைகளுள் இந்தக் கணக்கும் ஒன்று. ஆகவே புதிய குழுவைப் பதினொருவரோடு நிறுத்திக்கொண்டோம். பதினொருவரையும் இருவர் இருவராகவும் ஒரு மூவராகவும் ஐந்தாகப் பிரித்தோம்.

முதல் நாள் நாங்கள் ஒரு பாட்டியம்மாளைப் பார்க்கப் போனோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்களாவது திரும்ப வருவேளா, இல்லே முன்னே வந்த பிள்ளைகள் மாதிரிதானா? ரெண்டு ஞாயித்துக்கிழமை பட்சணம் பண்ணி வெச்சுண்டு உட்கார்ந்திருந்தேன்" என்றார். அதற்கு மேல் அவர் எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

தொண்டர் குழு கலைந்தால் இழப்பு குழுவுக்கு மட்டும் என்று எண்ணுகிறோம். அன்று. நாம் யாருக்காகப் போகிறோமோ அவர்களுடைய நம்பிக்கையையும் செலவழித்துவிட்டே கலைகிறோம். நமக்குப் பின் வருகிறவர்கள் அந்தக் கடனை அடைக்க வேண்டியிருக்கிறது. என்னோடு வந்த தோழி பாட்டியிடம் பெரிய வாக்கு எதுவும் தரவில்லை. "வியாழக்கிழமை நாலு மணிக்கு வரோம் பாட்டி. பத்தே நிமிஷம். அடுக்களையில இருக்கிற மூணு பாத்திரத்துக்குப் பேர் மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள். வியாழன் நாலு மணிக்குப் போனோம். பத்து நிமிடத்தில் எழுந்து வந்தோம். அடுத்த வியாழனும் அப்படியே. நான்காம் வியாழன் பாட்டி தாமாகவே தகரப் பெட்டியைத் திறந்து, தம் மாமியார் கையால் எழுதிய பாட்டு நோட்டு ஒன்றை எடுத்து எங்கள் முன் வைத்தார்.

எங்களுக்கு அது பாடமாயிற்று. அவருடைய நம்பிக்கையைப் பெற்ற வழியிலேயே எங்களுக்குள்ளும் நம்பிக்கையை வளர்த்துக்கொள்ளலாமே என்று எண்ணினோம். சில முறைகளை வகுத்துக்கொண்டோம். அவை எந்தத் தொண்டுக்கும் பொருந்தும் என்பதால் இங்கே விளக்குகிறேன்.

முதலாவது, வாக்கு சிறியதாக இருக்க வேண்டும். "நான் திருமணச் சடங்குகளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்பது வாக்கு அன்று, ஆசை. "இந்த ஞாயிறு இன்ன வீட்டில், உறவுமுறைச் சொற்கள் பத்து" என்பதே வாக்கு. அதற்கு ஆள் உண்டு, நாள் உண்டு, அளவு உண்டு. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் போடுவதையும் நாங்கள் வாக்காகக் கொள்வதில்லை. அது "படித்தேன்" என்பதா, "செய்கிறேன்" என்பதா, "யாராவது செய்யட்டும்" என்பதா? எழுதியவன் ஒன்று எண்ண, படித்தவன் ஒன்று எண்ணுவான். "நான் செய்கிறேன்" என்று தன் வாயால் சொன்னவன் பெயரே சுவர்ப் பலகையில் ஏறும்.

இரண்டாவது, வாக்கைத் திருப்பிக் கொடுக்க வழி இருக்க வேண்டும். நாம் மாணவர்கள், தேர்வு வரும், காய்ச்சல் வரும், வழிகாட்டிப் பேராசிரியர் ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொல்வார். ஆகவே, "ஞாயிறு போக முடியாது என்றால் வெள்ளி இரவுக்குள் சொல்லிவிடு, காரணம் கேட்க மாட்டோம்" என்று விதி செய்தோம். காரணம் கேட்டால் என்ன ஆகும்? முடியாதவன் காரணம் தேடுவான். காரணம் கிடைக்காவிட்டால் ஒளிந்துகொள்வான். ஒளிந்தவன் வெட்கத்தால் மறுபடி வரமாட்டான். தொண்டர்களைச் சோம்பலைவிட வெட்கமே அதிகமாக விரட்டுகிறது என்பது நான் கண்ட உண்மை. இந்த விதிக்குப் பிறகு, எவர் வீட்டிலும் ஆளின்றிப் போன ஞாயிறு ஒன்றுகூட இல்லை. முடியாதவர் சொன்னதும் இன்னொருவர் போய்விடுகிறார்.

மூன்றாவது, ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு கையெழுத்து. திரட்டியவர் ஒருவர்; சரிபார்த்தவர் இன்னொருவர். இவ்வளவு நெருங்கியவர்களுக்குள் சரிபார்ப்பது எதற்கு என்று முதலில் சிலருக்கு மனத்தாங்கல். இன்று இணையத்தில் நடக்கும் தமிழ் விக்கிமூலத்தைப் பாருங்கள். பழைய நூல்களைத் தொண்டர்கள் எழுத்தாக்கிப் பிழை திருத்தும் இடம் அது. அங்கே ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள் நிறம் பெறும்; அதை வேறொருவர் மீண்டும் பார்த்தால்தான் பச்சை நிறம். மஞ்சளிட்டவரே பச்சையிட முடியாது. அது எவரையும் ஐயுறுவதால் வந்த விதி அன்று. எல்லோர் கண்ணும் தன் பிழையைத் தாண்டிப் போகும் என்பதால் வந்த விதி. எல்லோருக்கும் பொதுவான சோதனை எவருக்கும் அவமானம் ஆகாது.

ஆனால் இரண்டாம் கண் யாருடையது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆக்ஸ்போர்டு அகராதியில், அடிமைப் பெண் என்று பொருள்படும் 'பாண்டுமெய்டு' என்ற சொல் விடுபட்டுப் போயிற்று. அதன் சீட்டுகள் எங்கோ தவறிவிட்டன. 1901-இல் ஒருவர் கேட்டபோது, குறைந்தது முப்பது பேர் பார்த்த பக்கங்களில் ஒருவருக்கும் இது தெரியாமல் போனது எப்படி என்று மர்ரேயே வியந்தார். அந்தச் சொல் 1933-இன் இணைப்பில்தான் ஏறியது. முப்பது பேர் பார்ப்பதும் ஒருவர் பொறுப்பேற்றுப் பார்ப்பதும் ஒன்றல்ல. பாற்குளத்தின் கதைதான் இதுவும்.

நான்காவது, தவறு ஏடு. படிப்பறையில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். எந்தச் சீட்டில் என்ன பிழை கண்டாலும் சீட்டின் எண்ணைப் போட்டு எழுதலாம். ஆளின் பெயர் போடுவதில்லை. தொடங்கிய புதிதில் ஏடு வெறுமையாக இருந்தது. பிழையே இல்லை என்று அதற்குப் பொருளா? அமெரிக்காவில் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார்; 1996-இல் வெளியிட்டார். நல்ல குழுக்களில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு, கணக்கில் தவறு கூடுதலாகவே தெரிந்தது. பின்னர்தான் விளங்கிற்று: நல்ல குழுக்கள் தவறை வெளியே சொல்லின, மற்றவை மறைத்தன. ஆகவே, வெறுமையான ஏட்டைக் கண்டு மகிழாதீர்கள், அஞ்சுங்கள். எங்கள் ஏட்டில் இப்போது பக்கங்கள் நிறைந்து வருகின்றன.

அதை நிறைத்தவர்களுள் பெரும்பாலோர் முதலாண்டு மாணவர்கள். இதில் நம்மவர்க்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. "அண்ணா", "அக்கா" என்று அழைக்கும் வழக்கம் அயலூரில் நமக்கு வீட்டுச் சூடு தருகிறது. அதை விட வேண்டாம். ஆனால் ஆராய்ச்சி மாணவரான "அண்ணா" எழுதியது தவறு என்று பதினெட்டு வயதுத் தம்பி எப்படி வாய் திறப்பான்? அதனால் கூட்டத்தில் வயதில் இளையவரே முதலில் பேச வேண்டும் என்று வைத்தோம். மூத்தவர் பேசிய பின் இளையவரைக் கேட்டால், "சரிங்க அண்ணா" என்பதைத் தவிர வேறு விடை வராது.

இன்னொரு சிக்கல் கேலி. எங்களுள் நெல்லைக்காரர் உண்டு, கோவைக்காரர் உண்டு, சென்னைக்காரர் உண்டு. தில்லியிலே பிறந்து வளர்ந்து தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெண்ணும் உண்டு. விளையாட்டாகத்தான் ஒருவர் பேச்சை ஒருவர் பழித்துக் காட்டுகிறோம். ஆனால் பழித்துக் காட்டப்பட்டவர் கூட்டத்தில் வாய் மூடிவிடுகிறார். வாய் மூடியவர் அறிந்தது குழுவுக்குக் கிட்டுவதில்லை. அந்தத் தில்லிப் பெண்ணுக்குத் தமிழ் எழுத்துத்தான் தடுமாற்றம்; செவி நுண்மையானது. பெரியவர்கள் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்வதும், ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்பைப் பிரித்தறிவதும் இன்று அவர் பொறுப்பு. அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

ஐந்தாவது, பணம். தொகை சிறியதுதான்: சீட்டுக்கான அட்டை, ரிக்ஷாக் கூலி, பெரியவர்களுக்கு வாங்கிப் போகும் பழம். சிறு தொகை என்பதாலேயே கணக்கு வாயில் நின்றுவிடுகிறது. இருபது ரூபாய் எங்கே போயிற்று என்று கேட்க எவருக்கும் கூச்சம். கேட்காத கேள்வி மனத்துக்குள் கிடந்து நாறும். ஞாயிறு மாலையே வரவும் செலவும் பலகையில் எழுதப்படுகின்றன. எவரும் கேட்க வேண்டியதில்லை. எவரும் சொல்ல வேண்டியதும் இல்லை.

ஒரு மறுப்பு

"அன்பினால் செய்யும் வேலைக்கு இத்தனை சட்டதிட்டமா? அலுவலகம் ஆக்கிவிட்டீர்களே!" என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. என் விடை இது: அன்பு நம்மை முதல் ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போகும். பனிமூட்டம் கவிந்த சனவரி மாதத்து ஒன்பதாம் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கம்பளிக்குள்ளிருந்து எழுப்புவது, "நான் போகாவிட்டால் இன்னாருக்கு இன்ன வேலை நின்றுவிடும்" என்ற தெளிவு. அந்தத் தெளிவைத் தருவதே ஏற்பாட்டின் பணி. ஏற்பாடு அன்புக்குப் பகை அன்று. அன்பு களைத்துப் போகும்போது தாங்கிப் பிடிக்கும் தோள்.

ஏற்பாடு எல்லாவற்றையும் செய்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. பதினொருவரில் இருவர் விலகினார்கள். ஒருவருக்கு வேலைச்சுமை, இன்னொருவருக்கு இந்த வேலையில் மனம் ஒட்டவில்லை. இருவரும் தம் சீட்டுகளை எண்ணி ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்; வழியில் பார்த்தால் இன்றும் நின்று பேசுகிறார்கள். போகிறவர் முகம் கொடுத்துப் பேசிவிட்டுப் போக முடிகிறது என்பதும் நம்பிக்கையின் அடையாளந்தான். மூன்று ஞாயிறு சொல்லாமல் வராத ஒருவரும் எங்களிடம் இருந்தார். குழுவில் அவரை எவரும் கண்டிக்கவில்லை. அவரோடு இணையாக இருந்தவர் மட்டும் அவர் அறைக்குப் போய், "பத்துச் சொல் வேண்டாம், மூன்று சொல் போதும், வருகிறாயா?" என்று கேட்டார். அவர் வந்தார்.

நம் சங்கத்துக்கு ஓர் இயற்கைக் குறை உண்டு. ஒவ்வொரு மே மாதமும் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் பட்டம் பெற்றுப் போய்விடுகிறோம். நட்பை மட்டும் நம்பிக் கட்டிய வேலை நண்பர்களோடு இரயிலேறிவிடும். அகராதியைத் தொடங்கிய கோல்ரிட்ஜ் அதன் முதல் பகுதி வெளிவந்ததைக்கூடப் பார்க்கவில்லை. மர்ரேயும் 1915-இல் மறைந்தார், முடிவைக் காணவில்லை. ஆனால் அவர் மேசையில் விட்டுச் சென்ற சீட்டை அடுத்தவர் எடுத்துப் படிக்க முடிந்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. நம்பிக்கையைக் காகிதத்தில் எழுதி வைத்தால்தான் அது ஆளை விட்டு ஆளுக்குப் போகும்.

இதுவரை அறுநூறுக்கு மேற்பட்ட சீட்டுகள் சேர்ந்திருக்கின்றன. அவை படிப்பறை அலமாரியின் இரண்டாம் தட்டில் அகர வரிசையில் உள்ளன. திருமணப் பாட்டுக்கும் பண்டிகைக்கும் போட்டி போட்டுக்கொண்டு ஆள் வருகிறார்கள். கடைத்தெரு, வாடகை, நோய், மருந்து பற்றிய சொற்களுக்கு ஆள் இல்லை. அப்யூஷனுக்கு ஐம்பது, அப்யூஸுக்கு ஐந்துகூட இல்லை என்ற கதை நம்மிடமும் நடக்கிறது. பலகையில் அந்த நான்கு தலைப்புகளுக்கு எதிரே பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கிறது. நானும் என் வகுப்பினர் இருவரும் இந்த மே மாதம் போகிறோம். அலமாரிச் சாவி சங்கச் செயலாளரிடம் இருக்கும். இதைப் படிக்கும் தம்பி தங்கையர் வந்து ஒரு தலைப்பு, ஒரு வீடு, மூன்று சொல் என்று பெயர் எழுதுங்கள். அதற்கு மேல் இப்போது எதுவும் வாக்களிக்க வேண்டாம்.